வாசகர் கேள்வி – பதில்: மின்குக்கருக்கு எந்த வயர்?

கேள்வி: லண்டனில் இருந்த அண்ணா குடும்பம் ஊரோடு வந்துவிட்டது. அவர்கள் கொண்டுவந்த மின்குக்கரை எங்கள் குசினியில் பூட்ட வேண்டும். மேலே நான்கு தட்டு, கீழே அவண். பின்புறத் தகட்டில் 230 வோல்ற், 7.2 கிலோவாற் என்று இருக்கிறது. குசினியில் ஏற்கெனவே 15 அம்பியர் பிளக் ஒன்று 7/0.67 வயரில் உள்ளது. வயறிங் வேலைக்கு வந்தவர், எல்லாம் ஒரே நேரத்தில் எரியப்போவதில்லை, அதிலேயே கொடுக்கலாம் என்கிறார். அண்ணாவோ 10 சதுர மில்லிமீற்றர் கேபிள்தான் வேண்டும் என்று நிற்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, கொக்குவில்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் வந்தவரின் பாதியை நம்பினால் வீட்டுக்கு ஆபத்து. 7,200 வாற்றை 230 வோல்ற்றால் பிரித்தால் 31.3 அம்பியர் வரும். 15 அம்பியர் பிளக்கில் இதைக் கொடுப்பது, ஒரு மூட்டை தூக்குபவரின் தலையில் இரண்டு மூட்டையை ஏற்றுவதற்குச் சமம். சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் இப்படிக் கொடுத்திருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்ரிக் தேயிலைச் சாயம்போலப் பழுத்திருந்தது; உள்ளே வயரின் உறை இரண்டு அங்குல நீளத்துக்குக் கருகி, தொட்டவுடன் பொருக்காக உதிர்ந்தது. அந்த வீட்டாருக்கு அதுவரை தெரிந்ததெல்லாம், சமைக்கும்போது எங்கோ மீன் பொரிக்கும் வாசம் வருகிறது என்பதுதான்.

எல்லாம் ஒரே நேரத்தில் எரியாது என்ற வாதம் அவர் கையிலிருந்து பிறந்ததல்ல. பிரித்தானிய வயறிங் நடைமுறையில் வீட்டுக் குக்கருக்கு முதல் 10 அம்பியரை முழுதாகவும் மிகுதியில் 30 வீதத்தையும் கணக்கிடும் வழக்கம் உண்டு. அதன்படி உங்கள் குக்கருக்கு 16.4 அம்பியர்தான் வரும். தட்டுகள் சூடேறிய பின் தாமாகவே அணைந்து அணைந்து எரிவதால் லண்டன் வீடுகளுக்கு அது பொருந்துகிறது. ஆனால் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் வீடு நிறைய இருக்கும்போது, நான்கு தட்டிலும் சட்டி ஏறி, கீழே அவணில் கேக்கும் வேகும் நம் குசினிக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்து வயரை மெலிய வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இனி வயருக்கு வருவோம். கடையில் 7/0.67 என்று கேட்பது 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6, 7/1.35 என்பது 10. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஓர் இழையின் விட்டம். பி.வி.சி. குழாய்க்குள் ஒரு சோடி வயராக இழுக்கும்போது, சுற்றுவெப்பம் 30 பாகை எனக் கொண்டு, இவை முறையே 24, 32, 41, 57 அம்பியரைத் தாங்கும் என்கிறது பிரித்தானிய வயறிங் அட்டவணை. பலர் இந்த அட்டவணையோடு நின்றுவிட்டு, 4 சதுர மில்லிமீற்றரே போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலில் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள வெளி 30 பாகையில் இருப்பதில்லை. அங்கே 45 பாகை என்று வைத்தால், தாங்குதிறனை 0.79 ஆல் பெருக்க வேண்டும்: 4 சதுர மில்லிமீற்றர் 25 அம்பியராக இறங்கிவிடும், 6 சதுர மில்லிமீற்றர் 32 இல் நிற்கும். உங்கள் குக்கரின் 31.3 அம்பியருக்கும் அதற்கு முன்னால் வைக்கும், சுமை மிஞ்சினால் மின்னைத் துண்டிக்கும் 32 அம்பியர் பிரேக்கருக்கும் அது மட்டுமட்டாகப் பொருந்துகிறது.

ஆகவே 7/1.04 வயரைத் தனிக் குழாயில், மெயின் போர்டிலிருந்து குசினி வரை இடையில் எந்த இணைப்பும் இல்லாமல் இழுக்கச் சொல்லுங்கள். வேறு சுற்றின் வயர்களும் அதே குழாய்க்குள் போனால் வெப்பம் சேர்ந்து தாங்குதிறன் இன்னும் குறையும். ஓட்டுக்கு அடியில் நீண்டதூரம் போவதைத் தவிர வழியில்லை என்றால் அண்ணாவின் 10 சதுர மில்லிமீற்றர் சரி. சுவரோடு இறக்க முடிந்தால் அது வீண்செலவு. எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். பச்சை மஞ்சள் நிறத்தில் 2.5 சதுர மில்லிமீற்றர் போதும். குக்கருக்கு அருகே, கொதிக்கும் சட்டிக்கு மேலாகக் கை நீட்டாமல் எட்டக்கூடிய இடத்தில், இரு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் 45 அம்பியர் குக்கர் சுவிச் ஒன்று வேண்டும்.

வயர் வாங்கும்போது இலங்கைத் தரச்சான்றான எஸ்.எல்.எஸ். முத்திரையைப் பாருங்கள், அதோடு ஓர் இழையைக் கத்தியால் சுரண்டியும் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், விலை என்னவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டு இணைப்பு சாதாரண 30 அம்பியர் சிங்கிள் பேஸ் என்றால், குக்கர் முழுதாக எரியும்போது அதுவே அந்த அளவைத் தாண்டிவிடும். கிணற்று மோட்டரும் ஸ்திரிக்கைப்பெட்டியும் வேறு இருக்கின்றன. சுமையை மூன்று மின்வழிகளில் பகிரும் திறீ பேஸ் இணைப்புக்கு உங்கள் பகுதி மின்விநியோக அலுவலகத்தில் விண்ணப்பிப்பதுதான் நிலையான வழி. அதுவரை தட்டு எரியும்போது மோட்டரைப் போடாதிருங்கள்.

கேள்வி: புதிதாகப் பூட்டிய மின்குக்கர் மாரி தொடங்கியதிலிருந்து அடிக்கடி ட்றிப் ஆகிறது. 32 அம்பியர் பிரேக்கரை 40 ஆக மாற்றினால் சரியாகுமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: மாற்ற வேண்டாம். பிரேக்கர் காப்பது குக்கரை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. அந்த வயர் தாங்குவதைவிடப் பெரிய பிரேக்கரை வைத்தால் முதலில் எரிவது வயராகத்தான் இருக்கும். முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். பிரேக்கர் அல்லாமல் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் விழுகிறது என்றால், அங்கே சுமைக்கு வேலையில்லை, எர்த்துக்கு மின் கசிகிறது. அவணின் சூடேற்றும் கம்பிக்குள் நிரப்பியிருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கார்த்திகை மார்கழி மழையில் பல நாள் பாவிக்காமல் விட்ட அவண் இப்படிக் கசிவது வழமை. எந்தத் தட்டைப் போட்டும் விழாமல், அவணைத் திருகியவுடன் விழுந்தால் சந்தேகம் பெரும்பாலும் அதன்மேல்தான். மின்காப்பு அளக்கும் மீற்றர் வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு அந்தக் கம்பியைச் சோதித்து, உலர்த்தவோ மாற்றவோ செய்யுங்கள். ட்றிப் சுவிச்சைத் தவிர்த்து நேரடியாகக் கொடுத்துத் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் அவரைக் கேற்றடியோடு அனுப்பிவிடுங்கள். பிரேக்கரே விழுகிறது என்றால், மெயினை நிறுத்திவிட்டு அதன் திருகாணிகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த திருகாணி சூடேறி, குறைந்த சுமையிலும் பிரேக்கரை விழுத்தும்.