சீனத்து 'மோலி' யாருடைய மல்லிகை?

கேள்வி: சீனர்கள் மல்லிகையை 'மோலி' என்கிறார்களாமே, அது தமிழிலிருந்து போன சொல் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. 'மோலி'யும் நம் 'மல்லிகை'யும் உறவுச் சொற்களே. ஆனால் சீனம் கடன் வாங்கியது வடமொழியிலும் பாலியிலும் வழங்கிய 'மல்லிகா' என்ற வடிவத்தை. கோசல மன்னன் பசேனதியின் அரசி மல்லிகாவைச் சீன பௌத்த நூல்கள் 'மோலி' என்றே எழுதுகின்றன. மல்லிகைப் பூவின் பெயரையும் பழைய நூல்கள் அதே இரண்டு எழுத்துகளால் குறித்தன என்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

'மல்' எப்படி 'மோ' ஆயிற்று என்று கேட்கலாம். அன்றைய சீனத்தில் அசையின் இறுதியில் லகரமோ ரகரமோ வராது என்பதால், பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் தகர ஒற்றில் முடியும் எழுத்தை எடுத்தாண்டார்கள். 'தர்மா' என்பது 'தத்-மா' என்று எழுதப்பட்டதும் (போதிதருமரைச் சீனர்கள் 'தாமோ' என்பது அதனால்தான்) 'மல்லி' என்பது 'மத்-லி' போல எழுதப்பட்டதும் ஒரே முறையில்தான். வடக்கே அந்த ஒற்று பின்னர் தேய்ந்துவிட்டது. தென்சீனத்தில் கான்டனீஸ் மொழி பேசுவோர் இன்றும் 'முத்-லெய்' என்கிறார்கள்.

1596இல் வெளிவந்த 'பென்சாவ் காங்மு' என்ற மூலிகை நூலில் லீ ஷிசென், முன்னோர் இப்பெயரை எழுதிய ஐந்து விதங்களை வரிசைப்படுத்திவிட்டு, இது அயல்மொழிச் சொல், இதற்கென்று சரியான எழுத்து கிடையாது, அவரவர் தோன்றியபடி எழுதினார்கள் என்று முடிக்கிறார். எழுத்துக்கு எழுத்து பொருள் தேடும் பழக்கமுள்ள மரபில் இப்படி எழுத, என் பார்வையில், தனித் துணிவு வேண்டும். இன்றைய வடிவத்தில் இரண்டு எழுத்துகளின் தலையிலும் தாவரத்தைக் காட்டும் புல் குறி ஏறியிருக்கிறது. ஆனாலும் அந்த எழுத்துகள் ஒலிக்காக வந்தவையே.

304இல் ஜி ஹான் எழுதியதாகச் சொல்லப்படும் தென்னாட்டுத் தாவர நூல் (அது பிற்காலத் தொகுப்பு என்போரும் உண்டு), மேற்கு நாட்டிலிருந்து அயலார் கொண்டுவந்து நட்ட பூ இது என்றும், தெற்கத்திப் பெண்கள் வண்ணப் பட்டுநூலைப் பூவின் நடுவே கோத்துத் தலையில் சூடினார்கள் என்றும் கூறுகிறது. அதே நூல் கூடவே குறிப்பிடும் 'யெசிமிங்' வேறு பூ. அப்பெயர் பாரசீக 'யாசமின்'. ஆங்கில 'ஜாஸ்மின்' அந்த வழியில் வந்தது என்பதால், அதை 'மோலி'யோடு முடிச்சுப் போட வேண்டாம்.