நொய்யல் கரையில் தங்கிவிட்ட உப்பு: கேள்வி பதில்

திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு பற்றி நொய்யல் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் தோட்டத்து மண்ணையும் பல வருடம் பரிசோதித்துப் பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011லேயே கோர்ட் உத்தரவு போட்டாச்சு. எங்க கிணத்துத் தண்ணியில இப்ப சாயமே தெரியறதில்லை. ஆனா வாயில வைக்க முடியலை, கரிக்குது. ஏனுங்க? (ஓரத்துப்பாளையம் பக்கம், விவசாயி)

நிறம் வேறு, உப்பு வேறுங்க. நம் கண்ணுக்குச் சிவப்பும் நீலமும்தான் தெரிந்தது, அதனால் அதைப் பார்த்தே பயந்தோம். நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வந்த உப்புக்குத்தான்.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ நிறையப் போட வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போகும். 200 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றரை லிட்டர் சாயத்தண்ணீர் என்று வைத்தாலும் நூறு கிராம் உப்பு ஆகிவிடும். அந்த உப்பு சாயத்தை நூலுக்குள் தள்ளிவிடும், ஆனால் துணியில் தங்காது. போட்டதெல்லாம் கழிவுத் தண்ணீரோடு அப்படியே வெளியே வந்துவிடும். திருப்பூரில் ஒரு நாளைக்கு எத்தனை பனியன் என்று யோசித்துப் பாருங்கள்.

நொய்யலின் குறுக்கே 1992ல் கட்டி முடித்த ஓரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக வந்தது. அது ஆற்றில் வந்த சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. பாசனத்துக்குக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை வந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. தேங்கிய தண்ணீர் கீழே இறங்கி, பாறை வெடிப்புகளில் இருக்கும் ஊற்றுகளில் கலந்தது. நம் பகுதியோ மழை குறைவான பாறைப் பூமி, அதனால் உள்ளே போன உப்பு கழுவிக்கொண்டு வெளியேற வழி குறைவு. அதே தண்ணீரை இறைத்துப் பாய்ச்சினால் வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மண்ணிலேயே நிற்கிறது. அடுத்த மழைக்கு மறுபடி கிணற்றுக்கு இறங்குகிறது. அதனால்தான் பட்டறையை மூடிய பிறகும் உங்கள் கிணறு கரிக்கிறது.

கேள்வி: இப்போதுதான் எல்லா இடத்திலும் ஆர்.ஓ. வைத்துச் சுத்திகரிக்கிறார்களே, அந்த உப்பு எங்கே போகிறது? (கல்லூரி மாணவி, திருப்பூர்)

நல்ல கேள்வி. ஆர்.ஓ. என்பது மெல்லிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிகட்டும் முறை. அது உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. நல்ல தண்ணீர் மறுபடி சாயப்பட்டறைக்கே போகும். மிச்சம் நிற்கும் அடர் உப்புநீரில் ஒரு பகுதியைச் சாயமேற்றவே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீதியைக் கொதிகலன் நீராவியில் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். பல உப்பும் அழுக்கும் கலந்த ஒரு கழிவுப் பொடி கடைசியில் மிஞ்சும். யாரும் வாங்காத பொருள் அது. கூரைக்கு அடியில், கசியாத தரையில் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. திறந்த வெளியில் குவித்தால் ஒரே மழையில் அவ்வளவும் மறுபடி நிலத்தடிக்குப் போய்விடும். ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் முதலில் இந்தக் கிடங்கைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: போர் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா உப்பு போயிருங்களா? (சென்னிமலை, இல்லத்தரசி)

போகாதும்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாத்திரத்தடியில் கொஞ்சம் சுண்ணாம்பு படியும், அவ்வளவுதான். தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் மிச்ச உப்பு இன்னும் கூடும். கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்றால் கடினத்தன்மையும் அதிகம் என்று அர்த்தம். இன்னொன்று, கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும். குரோமியம், ஈயம் போன்ற உலோகம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில்தான் தெரியும்.

கேள்வி: ஜிப்சம் போட்டா நிலம் சரியாகும்னு கடைக்காரர் சொல்றார். மூட்டை மூட்டையாப் போட்டேன், பலன் இல்லை. (காங்கேயம்)

உங்கள் நிலம் உவரா களரா என்று முதலில் தெரிய வேண்டும். உவரில் மேலே வெள்ளையாகப் பூக்கும், தண்ணீர் ஓரளவு உள்ளே இறங்கும். அதற்கு நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவி இறக்குவதுதான் வைத்தியம். களரில் சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொள்வதால் மண் இறுகிவிடும், தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியே தள்ளும், ஆக ஜிப்சம் களருக்குத்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை அலுங்காமல் போடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் கலங்கி, அப்படியே நின்றால் களர் என்று சந்தேகப்படலாம். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சத்துக்குக் காசு போடும் முன் மண்ணைச் சோதித்துவிடுங்கள். களர்தான் என்று உறுதியானால், சோதனை சொல்லும் அளவு ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்துவிட்டு, பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள். வடிகால் இல்லாமல் இதில் எதுவுமே பலிக்காது. உங்களுக்குப் பலன் கிடைக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: மஞ்சள் வெச்ச பூமிங்க எங்களுது. இனி வருங்களா?

அந்தத் தண்ணீரைப் பாய்ச்சும்வரை கஷ்டம்தான். மஞ்சளும் வாழையும் உப்பைத் தாங்காது. தென்னையும் பருத்தியும் ஓரளவு தாங்கும். மழைநீரைத் தேக்கிக் கிணற்றுக்குள் இறக்கினால் உப்பு மெல்ல நீர்த்துப்போகும், ஆனால் வருடக்கணக்கில் ஆகும்.

கேள்வி: மாட்டுக்குக் கொடுக்கலாமா?

டிடிஎஸ் 3000க்குள் என்றால் பொதுவாகக் கொடுக்கலாம். 5000க்கு மேல் போனால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் வேண்டாம்.

கேள்வி: நான் சாயப்பட்டறைத் தொழிலாளி. மூடினபோது எங்க அடுப்பும்தானே அணைஞ்சது? எங்களை ஏன் எதிரியா பார்க்கறாங்க?

தம்பி, உங்களை எதிரியாகப் பார்ப்பது தப்பு. அந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊர் திரும்பிய குடும்பங்களை நானும் பார்த்தேன். தொட்டிப் பக்கத்தில் நின்று ஆவியைச் சுவாசித்ததும் நீங்கள்தான், கீழ்மடை விவசாயிக்கு அடுத்தபடி அதிகம் அடிபட்டதும் நீங்கள்தான். சுத்திகரிப்புச் செலவு பனியன் விலைக்குள் வர வேண்டும். ஒரு பீஸுக்குச் சில ரூபாய் கூடக் கொடுக்க வாங்குபவர் மறுத்தால், அந்தச் சில ரூபாயை நொய்யல் கரைத் தோட்டம்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: தண்ணி டெஸ்டுக்கு எப்படி எடுத்துட்டு வரணும்?

மோட்டாரை ஒரு கால் மணி நேரம் ஓட விடுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, காற்று நிற்காமல் வாய்வரை நிரப்பி மூடுங்கள். கிணற்றின் ஆழம், எடுத்த தேதி, கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் பாட்டிலின் மேல் எழுதுங்கள். கோடையில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்று என இரண்டு தடவை கொண்டு வாருங்கள்.