அழிறப்பர் இல்லாத காலத்துக் கணக்கு

கேள்வி: நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் படிப்பித்ததில் எது மாணவர்களிடம் கடைசிவரை நிற்கிறது?

1986இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் தொண்டர் ஆசிரியையாகத் தொடங்கினேன். 2021இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தைந்து வருடமும் கணிதம்தான். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கும் என்று நான் நினைத்தது ஒன்று, நின்றது வேறொன்று.

போன பெரும்போகத்துக்கு முதல் எங்கள் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பழுதாகி, நானும் வீட்டுக்காரரும் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கராச்சுக்குப் போனோம். உள்ளே இருந்து கிறீஸ் கையோடு வந்தவர் "ரீச்சர்!" என்று நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் நரை வேறு. ஒன்பதாம் ஆண்டில் மூன்றாவது வாங்கில் இருந்தவன் என்று அவரே சொன்ன பிறகுதான் முகம் பிடிபட்டது. பிறகு எனக்கு "அவர்" வரவில்லை, "அவன்"தான்.

இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மேசையில் கிடந்த ஒரு சீ.ஆர் கொப்பியை எடுத்தான். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பக்கம். என்ன திகதி, எதைக் கழற்றினது, எதைச் சந்தேகப்பட்டது, எது சரிவந்தது எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. பிழைத்துப்போன ஊகங்களைக் கிறுக்கி மறைக்காமல் ஒரேயொரு கோடு போட்டு வெட்டியிருந்தான். வெட்டினதையும் வாசிக்கலாம்.

"நீங்கள் சொன்னதுதான் ரீச்சர். பிழைச்சாலும் செய்கையை அழிக்காத, ஒரு கோட்டைப் போட்டு வெட்டிப்போட்டுக் கீழ எழுது எண்டு. இஞ்ச வேலை பழகிற பெடியளுக்கும் அதைத்தான் சொல்லுறனான். பிழைவிட்ட இடம் தெரிஞ்சால்தானே அடுத்தமுறை அந்தப் பக்கம் போகமாட்டம்."

வீட்டுக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கோ வெட்கமாகப் போய்விட்டது. அந்த விதியை நான் போட்டதற்குக் காரணம் அவன் நினைக்கிற மாதிரிப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கொப்பி கிழிந்துவிடும் என்ற பயம்தான்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கினதில் இருந்து 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறக்கும்வரை வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, பசளை என்று எல்லாமே தட்டுப்பாடு. இரவில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதன்மேல் நாலு சொட்டு மண்ணெண்ணெய், அதுதான் படிக்கிற விளக்கு. கொப்பி கிடைத்தாலும் தாள் மெல்லிசு. அழிறப்பர் இல்லாத பிள்ளைகள் பழைய பாட்டாச் செருப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்து அழிப்பார்கள். அது எழுத்தை அழிக்காது, கறுப்பாகத் தேய்க்கும். இன்னும் இரண்டு தரம் தேய்த்தால் தாளே ஓட்டையாகிவிடும், பின்பக்கத்தில் எழுதின கணக்கும் போய்விடும். அதனால்தான் ஒரு நாள் எரிச்சலில் சொன்னேன், "ஒருத்தரும் அழிக்கக் கூடாது. வெட்டிப்போட்டு எழுதுங்கோ." சாதாரண தரப் பரீட்சையில் விடைக்கு மட்டுமில்லாமல் செய்கைக்கும், அதாவது கணக்கைச் செய்துகாட்டின வழிக்கும், புள்ளி உண்டு என்பது பிள்ளைகளைச் சமாதானப்படுத்தப் பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். அந்தக் காரணமும் உண்மைதான், ஆனால் அது எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது.

இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சரி, நான் நன்றாகப் படிப்பித்தேன் என்று நானே நினைக்கிற பாடம் ஒன்று இருக்கிறது. அது 1996. முந்தின வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்ட சனத்தில் பெரும்பகுதி தென்மராட்சியில் தங்கிவிட்டு, பிறகு கிளாலிக் கடல் தாண்டி எங்கள் பக்கம் வந்திருந்தது. வகுப்பில் பாதி ஊர்ப் பிள்ளைகள், பாதி இடம்பெயர்ந்த பிள்ளைகள். இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. ஏழாம் ஆண்டுக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உங்கள் காணி எவ்வளவு என்று சும்மா கேட்டேன். யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் எழும்பி "எங்களுக்கு நாலு பரப்பு" என்றான். பின்னால் இருந்த வன்னிப் பெடியன் "எங்களுக்கு அஞ்சு ஏக்கர்" என்றான். ஐந்தைவிட நாலு ஒன்றுதான் குறைவு என்று முதலாமவன் நினைத்துவிட்டான் போல, பெரிதாகக் கவலைப்படவில்லை.

கரும்பலகையில் எழுதினேன். ஒரு பரப்பு 10 பேர்ச். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அப்படியானால் ஓர் ஏக்கரில் 16 பரப்பு. நாலு பரப்பு என்றால் கால் ஏக்கர். ஐந்து ஏக்கர் என்றால் 80 பரப்பு. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெடியன் விடவில்லை. "ரீச்சர், நாங்கள் அதுக்குள்ள வெங்காயம், புகையிலை, மிளகாய் எண்டு மாறி மாறிச் செய்யிறனாங்கள். இவங்கள் மழையைப் பார்த்துக்கொண்டு நெல்லு மட்டும்தானே விதைக்கிறாங்கள்." பிறகென்ன, ஒரு பரப்புக்கு எவ்வளவு வருமானம், ஓர் ஏக்கருக்கு எத்தனை புசல் என்று இரண்டு பக்கமும் கொப்பியில் கணக்குப் போட்டு அடிபட்டார்கள். மணி அடித்த பிறகும் ஒருத்தரும் எழும்பவில்லை. அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அந்த வகுப்பில் இருந்த மூன்று பேரிடம் பிற்காலத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருத்தருக்கும் அந்தப் பாடம் நினைவில்லை. ஒருத்திக்கு மட்டும் நான் அந்தக் காலத்தில் உடுத்த மயில்கழுத்து நிறச் சேலை நினைவிருக்கிறது.

மறந்திருக்க வேண்டியதை மறக்காமல் வைத்திருக்கிறவனும் இருக்கிறான். பாலைப்பழக் காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் வகுப்பு பாதி வெறுமையாகும். பிள்ளைகள் காட்டுக்குள் போய்ப் பழம் பொறுக்கி வந்து தெருவோரத்தில் விற்பார்கள். கொப்பி வாங்குகிற காசும் சில வீட்டில் அதில் இருந்துதான் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஒரு வாரம் வராமல் இருந்துவிட்டு வந்த ஒருவனை எல்லோருக்கும் முன்னால் "நீ பாலைப்பழம் விக்கத்தான் லாயக்கு" என்று சொன்னேன். இடாப்பில் ஒரு சுழி போடுகிற நேரம்கூட எடுத்திருக்காது.

அவன் இப்போது மாங்குளம் வீதியில் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் நடத்துநர். முதல் தரம் ஏறியபோது காசை நீட்டினேன். "ரீச்சர், பாலைப்பழம் வித்தவனிட்ட நீங்கள் காசு குடுக்கப் படாது" என்று சிரித்தபடி கையைத் தள்ளிவிட்டான். பகிடியாகத்தான் சொன்னான். அதன்பிறகும் எத்தனையோ தரம் ஏறிவிட்டேன், ஒரு தரமும் காசு வாங்கவில்லை. ஒரு நாள் "தம்பி, நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றேன். "எதை ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பின்கதவுப் பக்கம் போய்விட்டான். எதை என்று அவனுக்குத் தெரியும். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து வந்து சித்தி வீதம் எத்தனை, பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கின 5 வீதத்தில் எத்தனை பேர் கம்பஸ் போனார்கள் என்று கணக்கெடுப்பார்களே, அந்தக் கணக்கில் இவன் எந்த நிரலில் வருவான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

2009 பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அந்த ஓகஸ்டில் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடந்தது, அதற்குப் படித்த பிள்ளைகளின் தைரியத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கும். நான் சின்னப் பிள்ளைகளைத் தறப்பாளுக்குக் கீழே சேர்த்து வைத்துப் படிப்பித்தேன். தொடக்கத்தில் கொப்பியும் இல்லை, பலகையும் இல்லை. புழுதியில் தடியால் எழுதுவோம். ஒரு கணக்கு முடிந்து அடுத்தது எழுத இடம் இல்லை. என்னிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை நிமிர்ந்து, "ரீச்சர், இதை அழிக்கலாமோ?" என்று கேட்டது.

அழிக்கலாம் என்றேன். அன்று அதற்குமேல் என்னால் படிப்பிக்க முடியவில்லை.

கராச்சுக் கதையை முடித்துவிடுகிறேன். பின்னேரம் இயந்திரம் திருத்தியாகிவிட்டது. பில் எழுதித் தந்தான். சாமான் 4,500, இன்னொரு சாமான் 1,850, கூலி 3,200, மொத்தம் 8,550. கண் பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். ஆயிரம் குறைகிறது. மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை விட்டிருக்கிறான். தெரிந்துதான் விட்டானோ என்றும் ஒரு சந்தேகம், வீட்டுக்காரருக்கும் அதே சந்தேகம்தான்.

"தம்பி, கூட்டல் பிழை" என்று திருப்பிக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தான். 8,550க்கு மேல் ஒரு கோடு போட்டு வெட்டினான். கீழே 9,550 என்று எழுதினான். பிறகு பேனையை மூடிவிட்டுக் கேட்டான், "செய்கைக்கு எத்தினை புள்ளி ரீச்சர்?"