தண்டவாளப் பக்கம்: வாசகர் கேள்விகள்

நீலகிரி மலை ரயிலான ஊட்டிக் கோச்சியில் போய்வந்த உறவினர்கள், ஹில்குரோவ் என்ற சின்ன நிலையத்தில் நெடுநேரம் நின்றதாகச் சொன்னார்கள். சுற்றிவரக் காடு, ஏற ஆளும் இல்லையாம். பிறகு எதற்கு அந்த நிலையம்?
– வாசகர், வாழைச்சேனை

எஞ்சினுக்குத் தண்ணீர் காட்ட. பாதை தொடங்கும் மேட்டுப்பாளையம் 326 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 46 கிலோமீற்றர் பாதையின் மறுமுனையான உதகமண்டலம், அதாவது ஊட்டி, 2,203 மீற்றர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் ஏற்றம் கொடியது, ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவில் இரண்டு பல்தண்டுகள் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடாது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. இவ்வளவு உழைப்புக்கும் நீராவி வேண்டும். ஒரு தொட்டித் தண்ணீர் குன்னூர் வரை காணாது.

சாய்வு இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். 3 மீற்றர் நீளமான கொதிகலன் இந்தச் சரிவில் நின்றால், அதன் இரு முனைகளிலும் நீரின் ஆழம் 25 சென்றிமீற்றர் வேறுபடும். நீர் குறைந்து நெருப்புப் பெட்டியின் மேற்தகடு வெளியே தெரிந்தால் தகடு இளகத் தொடங்கும். அந்த ஆபத்துக்காகவே அதில் ஈய அடைப்பு ஒன்று வைத்திருப்பார்கள். அது உருகினால் நீராவி நெருப்பின் மேல் பாயும், வண்டி நடுவழியில் நிற்கும். அதற்காகக் கழுத்து வரை நிரப்பவும் கூடாது. நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது, சிலிண்டர் மூடிதான் வெடிக்கும். ஆகவே சாரதியின் கண் நீர்மட்டக் கண்ணாடியை விட்டு விலகாது.

தண்ணீர் நிரம்பும் நேரத்தில் பயணிகள் இறங்கித் தேநீர் குடிக்கலாம். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்.

அந்தப் பாதை நம்முடையதை விட ஒடுக்கமா?
– வாசகி, ஏறாவூர்

ஆம். மட்டக்களப்புப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீற்றர், நீலகிரியில் 1,000. இலங்கையிலும் ஒடுக்கப்பாதை இருந்தது: களனிவெளிப் பாதை 762 மில்லிமீற்றராக இருந்து 1990களில் அகலப்படுத்தப்பட்டது. பாதை ஒடுங்கினால் வளைவை இறுக்கிப் போடலாம், மலையைக் குடைவதும் குறையும். வேகமும் சுமையும் குறைவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கோச்சிகள் எதிரெதிரே வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? சாரதிக்கு ஒரு வளையம் கொடுப்பார்களே, அது என்ன?
– மாணவர், களுவாஞ்சிக்குடி

வளையம் வெறும் கைப்பிடிதான், அதில் தொங்கும் பைக்குள் இருக்கும் டப்லட்தான் முக்கியம். அது ஓர் உலோக வட்டத் தகடு. எந்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்டது என்று அதில் பொறித்திருக்கும். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் கம்பியால் இணைந்தவை. அடுத்த நிலைய அதிபர் மணியடித்துச் சம்மதம் தந்தால்தான் இங்கே ஒரு டப்லட் வெளியே வரும். வந்ததும் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். வெளியே போன டப்லட் ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை அடுத்தது கிடைக்காது.

கோச்சியின் கடைசிப் பெட்டியின் பின்விளக்கை நிலையத்தார் கண்ணால் பார்த்த பிறகே டப்லட்டைத் திரும்பப் போட வேண்டும். பெட்டியொன்று கழன்று வழியில் நின்றிருந்தால் வேறு எப்படித் தெரியும்? சாரதி மறதியாக டப்லட்டை அடுத்த பகுதிக்கும் கொண்டுபோய்விட்டால், அது திரும்பி வரும்வரை அதற்குரிய பகுதியே முடங்கும். கம்பி அறுந்தாலும் இதே கதிதான். அப்போது எழுத்து மூல அனுமதியோடு வண்டி மெதுவாகப் போகும்.

அம்பாறையில் இருந்து ரயில் ஏற முடியுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

முடியாது. அம்பாறை மாவட்டத்தில் பயணிகள் ரயில் பாதையே இல்லை. பஸ்ஸில் மட்டக்களப்புக்குத்தான் வரவேண்டும். நீலகிரிக்கும் போக எண்ணமிருந்தால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். நம்மை நனைக்கும் வடகீழ்ப் பருவமழை அங்கும் பெய்யும். மண் சரிந்து பாதையை மூடினால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள்.