நீல செட் சேர்க்கிறீர்களா? கிளவ்ஸிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 துப்பாக்கிச் சண்டை கேமில் ஏகே-47 துப்பாக்கிக்கு கேஸ் ஹார்டன்ட் என்ற ஸ்கின் (துப்பாக்கியின் தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருள்) வைத்திருக்கிறேன். தேய்மானத் தரம் ஃபீல்ட்-டெஸ்டட், மேல்பக்கம் நல்ல நீலம். இதற்குப் பொருத்தமாக முழு நீல செட் சேர்க்க ஆசை. ஆனால் ஒரே பெயர், ஒரே தரம் உள்ள ஸ்கின்னுக்கே ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். எதை முதலில் வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் கிளவ்ஸ் (கையுறை) வாங்குங்கள். ஏகேயை வாங்க முடிவது டி (தீவிரவாதி) அணியில் மட்டும்தான். எதிரணியான சிடி பக்கம் போனால் எம்4 வாங்க வேண்டும், பணமில்லாத ரவுண்டில் வெறும் பிஸ்டல். எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் திரையில் கூடவே இருப்பவை உங்கள் கைகள். அதனால் செட்டின் நிறத்தை முடிவு செய்வது கிளவ்ஸ்தான். அடுத்தது கத்தி.

விலை ஏன் மாறுகிறது என்பதற்கு முதல் காரணம் ஃப்ளோட், அதாவது தேய்மான அளவு. ஒவ்வொரு ஸ்கின்னும் உருவாகும்போதே 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண் அதற்கு விழுந்துவிடும். எத்தனை ஆட்டம் ஆடினாலும் அது மாறாது, ஸ்கின் தேயாது. 0.07 வரை ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்ட்-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேல் பேட்டில்-ஸ்கார்டு. ஃபீல்ட்-டெஸ்டட் எவ்வளவு அகலம் பாருங்கள். 0.16-உம் 0.37-உம் ஒரே பெயரில் விற்கும், பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு பொருள் மாதிரி இருக்கும். அதே சமயம் 0.14 மினிமல் வேருக்கும் 0.16 ஃபீல்ட்-டெஸ்டடுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கிளவ்ஸில் இது இன்னும் முக்கியம். அவற்றின் ஃப்ளோட் 0.06-இல்தான் தொடங்குகிறது. ஆக, 0.06-க்கும் 0.07-க்கும் நடுவில் விழுந்தால் மட்டுமே ஃபேக்டரி நியூ. அபூர்வம், விலையும் அப்படியே. செட்டுக்காக வாங்குகிறவருக்கு அது தேவையே இல்லை. நல்ல ஃப்ளோட் உள்ள ஃபீல்ட்-டெஸ்டட் போதும்.

இரண்டாவது காரணம் பேட்டர்ன். கேஸ் ஹார்டன்டில் நீலம், ஊதா, தங்கம் எங்கே விழும் என்பதை பேட்டர்ன் எண் தீர்மானிக்கிறது. ஏகேயில் 661 பெயர் பெற்றது அதனால்தான், மேல்பக்கம் கிட்டத்தட்ட முழுக்க நீலம். கொஞ்சம் நீலம் தெரிந்தாலே 'ப்ளூ ஜெம்' (ஏறக்குறைய முழு நீலம்) என்று விலை ஏற்றிச் சொல்வார்கள், நம்பிவிட வேண்டாம். ஆடும்போது நம் பக்கம் தெரிகிற மேல்பகுதியில் நீலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்களுடையதில் இருக்கிறது. மாற்றாதீர்கள்.

இப்போது நிறம். கேஸ் ஹார்டன்டின் நீலம் அடர்த்தியானது, உலோகப் பளபளப்பு உள்ளது. ஸ்போர்ட் கிளவ்ஸ் சூப்பர்கண்டக்டர் அழகுதான், ஆனால் அது வெளிறிய நீலமும் வெள்ளையும். உங்கள் ஏகேயோடு சேர்த்தால் துப்பாக்கி மங்கித் தெரியும். ஹேண்ட் ராப்ஸ் கோபால்ட் ஸ்கல்ஸ் இருண்ட நீலம், என் கண்ணுக்கு அதுதான் ஒட்டுகிறது.

கத்திக்கு எல்லோரும் டாப்ளர் ஃபினிஷின் நீல வகையான ஃபேஸ் 4 என்பார்கள். வளைந்த கராம்பிட் கத்தி என்றால் இன்ஸ்பெக்ட் செய்யும்போது ஃபினிஷ் கேட்டலாக் எண் 421 இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் ஃபேஸ் 4. கராம்பிட் டாப்ளரின் ஃப்ளோட் 0.08-க்கு மேல் போகாது, அதனால் தேய்மானக் கவலை கிடையாது. ஆனாலும் நான் கேஸ் ஹார்டன்ட் கத்தியைத்தான் சொல்வேன். உங்கள் ஏகேயில் தங்கத் திட்டுகள் இருக்கும் அல்லவா? நீலமும் தங்கமும் கலந்த கத்தி அதோடு இயல்பாகச் சேரும். பலர் ஒதுக்கிவிடும் பேட்டர்ன் என்பதால் விலையும் தணிவு.

சிடி பக்கத்துக்கு எம்4ஏ1-எஸ் துப்பாக்கியின் ப்ளூ பாஸ்ஃபர் அல்லது கார்டியன் ஸ்கின். ஏடபிள்யூபி ஸ்னைப்பர் இரு பக்கமும் வரும், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கேஸ் (உள்ளே என்ன விழும் என்று தெரியாத ஸ்கின் பெட்டி) திறந்து இதையெல்லாம் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2017-இல் சீனாவில் வெளியிடப்பட்ட கணக்குப்படி கத்தியோ கிளவ்ஸோ விழும் வாய்ப்பு 0.26 சதவீதம். முதலீடு என்றும் வாங்காதீர்கள். 2025 அக்டோபரில் ஐந்து சிவப்பு (கோவர்ட் என்ற உயர் தர) ஸ்கின்களைக் கொடுத்து ஒரு கத்தியோ கிளவ்ஸோ பெறலாம் என்று கேமை உருவாக்கிய வால்வ் மாற்றியதும் கத்தி விலைகள் ஒரே நாளில் சரிந்தன.

அப்புறம் ஒன்று. ட்ரேடு (ஸ்கின் பரிமாற்றம்) செய்வதற்கு முன் உங்கள் ஸ்டீம் கணக்கில் ஏபிஐ கீ (வெளி மென்பொருள்கள் கணக்கை அணுகப் பயன்படும் சாவி) பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத கீ அங்கே இருந்தால் யாரோ உங்கள் ட்ரேடைக் கண்காணிக்கிறார்கள். உடனே அதை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, எல்லா சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்துவிட்டு அப்புறம் ட்ரேடு செய்யுங்கள்.