மூன்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வணக்கம் சார்,

நான் கல்லூரி முதலாண்டு மாணவி. எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது 1/(எக்ஸ் − 3) எதை நோக்கிப் போகிறது என்ற எல்லைக் கணக்குக்கு ‘3-க்கு இடப்பக்கம் குறை முடிவிலி, வலப்பக்கம் மிகை முடிவிலி’ என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வில் (எக்ஸ் − 5)/(எக்ஸ் − 3) வந்தது. அதே விடையை எழுதினேன், அடித்துவிட்டார்கள். இரண்டிலும் பகுதி, அதாவது கீழே இருக்கும் எக்ஸ் − 3, ஒரேதானே? குறியைக் கண்டுபிடிக்கச் சுருக்குவழி உண்டா? 1/0 என்பது முடிவிலிதான் என்று என் தோழி சாதிக்கிறாள், அது சரியா? எனக்குக் கணக்கு மண்டையில் ஏறாது. நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள்.

வி.

அன்புள்ள வி.,

‘கணக்கு மண்டையில் ஏறாது’ என்ற வரியை முதலில் அடியுங்கள். பகுதி ஒன்றாக இருந்தும் விடை ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டையில் ஏறாதவருக்கு இந்தக் கேள்வி வராது. ஆனால் மனப்பாடம் செய்தது உங்கள் தவறுதான், அதில் உங்களை விடமாட்டேன். இரண்டு எண்களைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பல்பட்டுவிட்டு சுருக்குவழி கேட்கிறீர்கள்.

2.99-ஐப் போடுங்கள். பகுதி −0.01. மேலே 1 இருந்தால் விடை −100. மேலே எக்ஸ் − 5 இருந்தால் அது −2.01. குறையைக் குறையால் வகுத்தால் மிகை, 201. இனி 3.01. மேலே −1.99, கீழே 0.01, விடை −199. பக்கங்கள் இடம் மாறிவிட்டன. பகுதி எவ்வளவு வேகமாகப் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது என்பது அளவைச் சொல்லும். குறியைச் சொல்ல மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்து வரவேண்டும். பகுதியை வர்க்கமாக்கி 1/(எக்ஸ் − 3)² என்று எழுதினால் இரண்டு பக்கமும் 10,000, இரண்டும் மிகை. சுருக்குவழி இவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லை என்றதும் எல்லோரும் ஏன் அந்தப் புள்ளியையே பார்க்கிறார்கள்? எங்கள் கணக்கு ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் வரைபடம் போட்டுவிட்டு 3 இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மூடிவிடுவார். “விரலுக்கு அடியில் என்ன இருக்குன்னு கேட்காதே. கோடு விரல்கிட்ட வரும்போது எங்கே போகுதுன்னு மட்டும் சொல்லு” என்பார். யாராவது “அங்கே வரையறுக்கப்படவில்லை சார்” என்றால் கோபம் வந்துவிடும். “அதை நான் கேட்டேனா?” என்று சத்தம் போடுவார். அவர் சத்தம் போட்டது நியாயம். எல்லை என்ற கேள்வி அந்தப் புள்ளியைப் பற்றியதே அல்ல. அங்கே மதிப்பு இல்லாமல் இருக்கலாம், இருந்தும் பொருந்தாமல் இருக்கலாம். கேள்வி அக்கம்பக்கத்தைப் பற்றியது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லாவிட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம்.

இதைக் காட்ட எனக்கு மிகப் பிடித்த சார்பு ஒன்று உண்டு. 2-க்கு அடுக்காக 1/எக்ஸ் போடுங்கள். அதோடு 1-ஐக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் 1-ஐ வகுங்கள். பூஜ்ஜியத்தால் வகுக்கும் இடம் அடுக்குக்குள் ஒளிந்திருக்கிறது. எக்ஸ் 0.1 என்றால் 2-இன் 10ஆம் அடுக்கு 1024, விடை 1/1025. எக்ஸ் −0.1 என்றால் 1/1024, விடை 1024/1025. இன்னும் நெருங்குங்கள். வலப்பக்கம் 0-ஐ நோக்கிப் போகிறது, இடப்பக்கம் 1-ஐ நோக்கி. முடிவிலி எதுவும் விடையில் வரவில்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக மறுக்கின்றன. பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி வரும் என்று பழகிய மனதை இந்த ஒரு சார்பு உலுக்கிவிடும். முதன்முதலில் இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணினி செய்தவர்களுக்கும் பக்கம் தேவைப்பட்டது. கணினி தசம எண்களைக் கையாளும் விதத்தை வகுத்து 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தில் பூஜ்ஜியம் இரண்டு, +0 ஒன்று, −0 ஒன்று. 1-ஐ முதலாவதால் வகுத்தால் மிகை முடிவிலி, இரண்டாவதால் வகுத்தால் குறை முடிவிலி. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்ற அடையாளத்தைப் பூஜ்ஜியத்தின் மேலேயே ஒட்டி வைத்துவிட்டார்கள்.

தோழியின் வாதத்தில் நான் நுழையப் போவதில்லை. 12ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித மேதை பாஸ்கரர்கூட, பூஜ்ஜியத்தால் வகுத்த எண்ணோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாது, அது முடிவில்லாதது என்று எழுதினார். பெரிய மனதின் பார்வை அது. ஆனால் எந்த முடிவிலி, மிகையா குறையா என்று தோழியிடம் கேளுங்கள். அப்புறம் அவரே யோசிப்பார்.

புத்தகம் இப்போது வேண்டாம். கையிலிருக்கும் பாடநூலே போதும். (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3) எடுத்துக்கொள்ளுங்கள். இதிலும் 3-இல் பகுதி பூஜ்ஜியம்தான். 2.9, 2.99, 2.999, பிறகு 3.1, 3.01, 3.001 போட்டுக் கையால் அட்டவணை எழுதுங்கள். காரணிப்படுத்தி உடனே விடை சொல்லத் தோன்றும். அட்டவணை முடியும் வரை அதைச் செய்யாதீர்கள். முடிந்ததும் அட்டவணையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.