பழைய சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள், தம்பி

லண்டன் வந்து இரண்டு வருசம் என்றும், கிழக்கு லண்டனில் 1905இல் கட்டிய வீடொன்றைப் பார்த்திருக்கிறீர்கள் என்றும், இந்தக் கோடையில் நீங்களும் மனைவியுமே அதைத் திருத்தப் போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மோட்கேஜ், ஏரியா, மொத்தச் செலவு, சனி ஞாயிறுகளில் எங்கே போகலாம் என்று பல கேள்விகள். நடுவில் ஒரு வரி: "முன்னறைச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருக்கிறது, பூச்சை உடைத்துவிட்டுச் சீமெந்து பூசினால் சரிதானே?" அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

மோட்கேஜுக்கு ஒரு நல்ல புரோக்கரைப் பிடியுங்கள். ஏரியா உங்கள் இரண்டு பேருடைய வேலைக்கும் எந்த ரயில் வசதியோ அதுதான். மற்றதெல்லாம் சமாளிக்கலாம். சுவரைப் பற்றிச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

நான் வந்தது 1991 பெப்ரவரி. லண்டன் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்த கிழமை. ஈஸ்ட்ஹாமில் ஒரு அறையில் ஆறு பேர். யன்னலைத் திறந்தால் சூடு போய்விடும் என்று இடுக்குகளில் பேப்பர் அடைத்து வைத்திருந்தோம். சோறு வடிக்கிற ஆவி, காயப்போட்ட உடுப்பின் ஈரம், ஆறு பேருடைய மூச்சு, எல்லாம் அந்த அறைக்குள்ளேயே. என் பாய் கிடந்த பக்கத்துச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. இரண்டு வருசம் இருமினேன். வீட்டுக்காரரும் எங்கள் ஆள்தான். கேட்டபோது அதன் மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்த மனிதரில் எனக்குக் கோபம் உண்டு.

அதனால் 2000இல் வால்தம்ஸ்டோவில் எங்களுக்கென்று ஒரு பழைய வீடு வாங்கியபோது, ஈரமே இருக்கக்கூடாது என்பதுதான் ஒரே பிடிவாதம். இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று ஒரு கொம்பனி ஆள் வந்தார். இரண்டு ஊசி வைத்த சின்ன மீட்டரைச் சுவரில் குத்தினார், அது கத்தியது. "நிலத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது, துளை போட்டு மருந்து ஏற்றிச் சீமெந்து பூச வேண்டும்" என்றார். 2400 பவுண். நான் கடன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாரி போனது. ஈரம் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது. நீங்கள் எழுதிய அதே இடுப்பு.

அந்த மீட்டர் மரத்தின் ஈரத்தை அளப்பதற்கென்று செய்த கருவி, தம்பி. சுவரில் உப்புப் பூத்திருந்தாலும் அது கத்தும். மருந்து விற்கிறவரே நோயைச் சொல்கிற இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வீடு வாங்க முதல், வங்கி செய்கிற மதிப்பீட்டை மட்டும் நம்பாமல், உங்கள் காசைக் கொடுத்து மூன்றாம் நிலைச் சேர்வே, அதாவது கட்டடத்தை முழுக்கச் சோதிக்கிற அறிக்கை, எடுங்கள். பழைய கட்டடம் தெரிந்தவராகப் பார்த்துப் பிடியுங்கள்.

2003 வசந்தத்தில் என் மனைவி அந்தச் சீமெந்துப் பூச்சின் ஒரு மூலையை உளியால் உடைத்தாள். உள்ளே பழைய பூச்சு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்: "இஞ்சாருங்கோ, இது சுண்ணாம்பு. மயிரும் கிடக்குது." அவளுடைய அப்பா சாவகச்சேரியில் மேசன். சின்ன வயதில் அவர் குழியில் சுண்ணாம்பு நீற்றுவதையும், பனங்கட்டி கரைத்த தண்ணீர் விட்டுக் குழைப்பதையும் பார்த்து வளர்ந்தவள். இங்கே பனங்கட்டிக்குப் பதில் ஆட்டு மயிர், குதிரை மயிர். அன்றிரவே ஃபோன் கார்ட் போட்டு ஊருக்கு எடுத்தோம். மாமா கேட்ட முதல் கேள்வி: "ஆர் பிள்ளை அதுக்குச் சீமெந்து பூசினது? சுவர் வேர்க்குமெல்லோ."

அவர் சொன்னதுதான் முழு விஞ்ஞானமும். உங்கள் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளி இல்லாதது. வெளியே போய்ப் பாருங்கள்: நீளக் கல், கட்டைக் கல் என்று மாறி மாறித் தெரிந்தால் அது ஒரே திண்மச் சுவர். மழை கொஞ்சம் உள்ளே போகும், காற்றும் வெயிலும் பட்டுத் திரும்ப வெளியே வரும். சுண்ணாம்பு அந்தப் போக்குவரத்துக்கு இடம் கொடுக்கிறது. சீமெந்து அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னால் மேலே மேலே ஏறும். வெளியே கல் இடுக்குகளில் சீமெந்து அடைத்தால் இன்னும் மோசம்: ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், மாரியில் அது உறைந்து கல்லின் முகத்தையே உரித்துவிடும். நூறு வருசம் நின்ற கல் பத்து வருசத்தில் பொடியாவதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

எங்கள் வீட்டு ஈரத்துக்குக் காரணமும் வெளியேதான் இருந்தது. முன்னிருந்தவர்கள் முற்றத்தில் கொங்கிரீட் போட்டு நிலத்தை உயர்த்தியிருந்தார்கள். வெளி நிலம், நில ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் வைக்கிற ஈரத்தடை வரிசைக்கு 150 மில்லிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். எங்களுடையது அதற்கு மேலே இருந்தது. பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போக வைத்த ஓட்டைக் கற்களும் மூடப்பட்டிருந்தன. நானும் மச்சானும் இரண்டு நாளில் கொங்கிரீட்டை உடைத்துச் சுவரோரம் ஒரு சிறு பள்ளம் தோண்டிச் சரளைக்கல் நிரப்பினோம். செலவு, கழிவு ஏற்றின ஸ்கிப் காசு மட்டும்தான். 2400 பவுண் கொடுத்தும் தீராத ஈரம் அந்தக் கோடையிலேயே இறங்கத் தொடங்கியது.

இதைச் சொல்லும்போது எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு வாங்கியதும் முதல் வேலை, முன் தோட்டத்தைக் கொங்கிரீட் போட்டுக் கார் விடுவது. இரண்டாவது, நூறு வருசத்து மர யன்னலைக் கழற்றி எறிந்து பிளாஸ்டிக் யன்னல் போடுவது. ஊரில் நாற்சார் வீட்டை இடித்துவிட்டுச் சீமெந்துப் பெட்டி கட்டியவர்களும் நாங்கள்தான். இங்கேயும் அதையே செய்வது எனக்கு வேதனை. அந்த மர யன்னல்கள் நல்ல வைரமான பழைய மரம். தூக்கி இறக்குகிற கயிற்றை மாற்றி, உக்கின துண்டை வெட்டி ஒட்டினால் இன்னும் ஐம்பது வருசம் ஓடும்.

சீமெந்தை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசிய அந்தக் கோடையில் எங்களுக்கு வழிகாட்டியது வால்தம்ஸ்டோவிலேயே பிறந்த வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம். ஃபோனில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், தயங்காமல் எடுங்கள். சுண்ணாம்புப் பூச்சை மூன்று தடவையாகப் பூச வேண்டும். ஒன்று இறுகின பிறகுதான் அடுத்தது. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும், அவசரம் கூடாது. ஐந்து பாகைக்குக் கீழே குளிர் போனாலும் வேலை கெட்டுவிடும், ஆகவே செப்ரெம்பருக்குள் முடித்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள், கண்ணைப் பொசுக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், உலர்ந்தபடி அரத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தங்கச்சி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

ஊர் சுற்றுவது பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்கு அது சுண்ணாம்பால்தான் கிடைத்தது. கிழமை நாட்களில் வேலை முடிந்து வந்து பூசுவோம், தண்ணீர் தெளிப்போம். சனி ஞாயிறு சுவரைத் தொடக்கூடாது, ஆகவே புறப்பட்டுவிடுவோம். சிசெஸ்டருக்குப் பக்கத்தில் சிங்கிள்டனில் இருக்கிற வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். அழிய இருந்த பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அங்கே பேலீஃப் என்று ஒரு பண்ணை வீடு. கென்ற் பகுதியில் நீர்த்தேக்கம் கட்டியபோது இடத்தை இழந்தது, ஒவ்வொரு மரமாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மனைவி அதன் நடுக்கூடத்தில் அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தாள். சாவகச்சேரியில் அவர்கள் வீடு 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமானது.

2003 ஓகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை, விட்ஸ்டபிள் போனோம். கூழாங்கல் கரை கால் சுட்டது. அன்றைக்குப் பக்கத்து ஃபாவர்ஷாமில் 38.5 பாகை. 2019 வரைக்கும் இந்த நாட்டில் அதைவிடக் கூடிய வெப்பம் பதிவானதில்லை. எங்களுக்கு அது ஊர் வெயில், சந்தோசமாகக் கடலுக்குள் நின்றோம். இரவு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், இரண்டாம் பூச்சு குளத்துச் சேறு காய்ந்ததுபோல் முழுக்க வெடித்துக் கிடந்தது. யன்னலைத் திறந்துவிட்டுப் போயிருந்தோம், வெக்கை ஈரத்தை உறிஞ்சிவிட்டது. மனைவி அழுதாள். அடுத்த நாள் லீவு எடுத்து முழுவதையும் சுரண்டினோம். மாமா சொன்னபடி பாஸ்மதி அரிசிச் சாக்குகளைப் பிரித்து நனைத்துச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துத் திரும்பப் பூசினோம். அந்தச் சுவர் இன்றைக்கும் உலர்ந்து நிற்கிறது.

கோடை வெக்கையில் பூசுவதானால் சாக்கை மறக்காதீர்கள். சுண்ணாம்புக் களியை எங்கே வாங்குவது என்று தேட வேண்டாம். தண்ணீருக்குக் கீழே மூடி வைத்தால் அது பழுதாகாது, வருசம் போகப் போக நயமாகும். அந்தக் கோடையில் மிஞ்சினது இரண்டு வாளி இன்னும் எங்கள் பின் கொட்டிலில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிசைகிற விதத்தை மனைவி காட்டித் தருவாள், ஒரு வாளியைக் கொண்டுபோகலாம்.